முப்பதாம் நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும்: உரை மருந்து, கண்மை, மூக்கில் எண்ணெய்

குற்றாலச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எனக்கு இது தலைப்பிரசவம். பெண் குழந்தை பிறந்து இன்றோடு 22 நாட்கள் ஆகின்றன. சென்னையில் வேலை பார்க்கும் நான், வழக்கப்படி பிரசவத்திற்காகத் தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள அம்மா வீட்டிற்கு வந்திருக்கிறேன். இங்கே கவனிப்புக்கு எந்தக் குறைவும் இல்லை. பத்தியச் சாப்பாடு வேளைக்கு வருகிறது. இரவில் குழந்தை அழுதால் என்னை எழுப்பாமல் அம்மாவே தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் எழுதப்போவதைப் படித்தால் அம்மாவைக் குறை சொல்வதாகத் தோன்றக்கூடும்.

பிள்ளை குளிப்பாட்ட ஒரு பாட்டி வருகிறார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும்; என்னையும் அவர்தான் குளிப்பாட்டினாராம். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து உருவிவிடும் பக்குவத்தை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் குளியல் முடிந்ததும் இரண்டு நாசியிலும் தேங்காயெண்ணெய் விட்டு, வாயை வைத்து ஊதுகிறார். நான்கு நாட்களுக்கு முன்பு அப்படி ஊதியபோது குழந்தைக்குப் புரையேறி, முகம் கன்றிப்போய், மூச்சை எடுக்கச் சில நொடிகள் திணறியது. அன்றிலிருந்து அதை வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் இரண்டு நாட்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழந்தையின் மார்பு லேசாக வீங்கியிருக்கிறது என்று சொல்லி அதை அழுத்திப் பால் எடுக்கும் வழக்கமும் உண்டு, அதையும் தடுத்தேன்.

வருகிற வாரம் முப்பதாம் நாள். அத்தையும் மாமாவும் சீரோடு வருகிறார்கள். வசம்பு வளையல், அரைஞாண், கண்மை, கல்லில் இழைத்து நாக்கில் தடவும் உரை மருந்து, தூளி கட்ட நூல் புடவை என எல்லாம் தயாராக இருப்பதாக அத்தை தொலைபேசியில் மகிழ்ச்சியோடு சொன்னார். எல்லாவற்றையும் மறுக்க எனக்கு மனமில்லை. எல்லாவற்றையும் ஏற்கத் தைரியமும் இல்லை. இவற்றில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும் என்பதை அனுபவமும் விவரமும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


பழைய செவிலி

மகளே, 33 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மூக்கில் எண்ணெய் விடுவதை நிறுத்தியது சரியான முடிவு. அதில் கடுகளவும் சந்தேகம் வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள் தண்ணீர் போனால் குழந்தை இருமித் தள்ளப் பார்க்கும். எண்ணெய் அப்படிப்பட்டதன்று; சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடக்கூடியது. நாள்தோறும் சொட்டுச் சொட்டாக இறங்கும் எண்ணெயால் வருகிற ஒரு வகை நிமோனியாவே உண்டு. கிருமியால் வந்த நிமோனியாவைப் போல அது ஆன்டிபயாடிக் கொடுத்ததும் சரியாகிவிடாது. சளி விடவில்லை, இளைப்பு விடவில்லை என்று மாதக்கணக்கில் அலைந்து, கடைசியில் மருத்துவர் "மூக்கில் எண்ணெய் விடுவீர்களா?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஊதுவது அதைவிட மோசம். எண்ணெயை உள்ளே தள்ளுவதோடு, பெரியவர்களின் வாயில் உள்ள கிருமிகளையும் சேர்த்துக் கொடுக்கிறது.

மார்பில் பால் எடுப்பதும் அப்படித்தான். வயிற்றில் இருந்தபோது தாயிடமிருந்து வந்த ஹார்மோன்களால் ஆண், பெண் இரு குழந்தைகளுக்குமே அந்த வீக்கம் வரும். சில வாரங்களில் தானாக வடியும். அழுத்தினால் சீழ் கட்டும். சீழ் கட்டிக் கீறிவிட வேண்டிய நிலைக்குப் போன பச்சிளம் குழந்தைகளை நானே ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன்.

பணியில் இருந்தபோது எனக்காக நானே ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன். எந்த வழக்கத்தைப் பார்த்தாலும், அது குழந்தையின் உடம்புக்குள்ளே போகிறதா, வெளியே நிற்கிறதா என்று கேட்பேன். வாய், மூக்கு, கண், காது, தொப்புள் இவை ஐந்தும் வாசல்கள். வாசலுக்கு வெளியே நிற்கும் வழக்கத்தோடு நான் சண்டை போட்டதில்லை. அரைஞாண் கட்டு, பொட்டு வை, திருஷ்டி சுற்றிப் போடு, தாலாட்டுப் பாடு, நானும் கூட உட்கார்ந்து கேட்கிறேன் என்பேன். வாசலுக்குள் போவதென்றால் மட்டும் விடமாட்டேன். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் தொப்புள்கொடியில் சாம்பலும் மஞ்சளும் சாணமும் வைத்து, ஜன்னி கண்டு போன குழந்தைகள் உண்டு. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட்டு, பிரசவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து, கொடியில் எதையும் வைக்காமல் உலரவிடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லித்தான் அது ஓய்ந்தது. பச்சிளம் குழந்தைகளின் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்த செய்தியைப் படித்த அன்று நான் அழுதேன். அந்த வெற்றி சீமந்தத்தையோ தொட்டில் போடுவதையோ எங்கும் நிறுத்திவிடவில்லை.


ஆலமரத்தடி

அன்புள்ள சகோதரிகளுக்கு, ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். நாங்கள் உடன்பிறந்தோர் ஏழு பேர். ஏழு பேருக்கும் என் தாயார் உரை மருந்து கொடுத்தார். கண்ணில் மை தீட்டினார். பிறந்தவுடன் தாய்மாமன் நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை வைத்தார். இன்று எழுபதைத் தாண்டிய நான் கண்ணாடி இல்லாமல் நாளிதழ் படிக்கிறேன். சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுட்ட வசம்பு ஆகியவற்றை உரைகல்லில் இத்தனை சுற்று என்று எண்ணி, தாய்ப்பாலில் இழைத்து நாக்கில் தடவுவது வெறும் மூடப் பழக்கமன்று. மாந்தத்திற்கும் வயிற்றுப் பொருமலுக்கும் சித்த மருத்துவம் சொல்லிய வழி அது. தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் குழந்தை மருத்துவத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. வெளிநாட்டுப் புட்டிப்பாலை ஒரு தலைமுறைக்கு விற்றுவிட்டுப் பிறகு தாய்ப்பாலே சிறந்தது என்று சொல்ல வந்தவர்கள், நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியைச் சந்தேகிப்பது எனக்கு உவப்பாக இல்லை. மூக்கில் எண்ணெய் ஊதுவது தவறு என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரு தவறைக் காட்டி முழு மரபையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.


வெள்ளை அங்கி

ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. புட்டிப்பால் விளம்பரங்கள் செய்த கேட்டினால்தான் நம் நாட்டில் 1992இல் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நான் குழந்தை நல மருத்துவன், கிராமத்தில் பிறந்தவன், எனக்கும் உரை மருந்து கொடுத்திருக்கிறார்கள். இருந்தாலும் "நாங்கள் ஏழு பேரும் நன்றாக இருக்கிறோம்" என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020இல் அந்த எண்ணிக்கை 28, தமிழ்நாட்டில் 13. அந்த 129 பேருக்கும் மரபுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வறுமையும் தடுப்பூசி இன்மையும் மருத்துவமனைக்குப் போக வழி இல்லாததும் சேர்ந்த கணக்கு அது. ஆனால் எதில் தப்பினோம், எதனால் தப்பினோம் என்பதைத் தப்பியவர்களை மட்டும் கேட்டு முடிவு செய்ய முடியாது.

உரை மருந்தைப் பற்றி நிதானமாகவே சொல்கிறேன். ஜாதிக்காய் அளவு கூடினால் மயக்கம் தரும். குழந்தை "மருந்து கொடுத்ததும் நன்றாகத் தூங்குகிறது" என்று தாய்மார்கள் சொல்லும்போது எனக்குக் கலக்கமாக இருப்பது அதனால்தான். அந்தத் தூக்கத்தில் பால் குடிக்கும் வேளை தவறிப்போகும். வசம்பில் உள்ள ஒரு வேதிப்பொருள் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்கா அதை 1968இல் உணவில் சேர்க்கத் தடை செய்தது. நாக்கில் தடவும் அளவு அந்தத் தீங்கைச் செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உரைகல்லில் "மூன்று சுற்று" என்பது ஒவ்வொரு கைக்கும் ஓர் அளவு. மூன்று கிலோ எடையுள்ள உடம்பில் அந்த வேறுபாடு பெரிது. சித்த மருத்துவர் எடை பார்த்து, வயது பார்த்துக் கொடுப்பது வேறு. சந்தையில் வாங்கி, பூசணம் பிடித்ததா என்று பார்க்காமல், எல்லா அழுகைக்கும் இழைத்துக் கொடுப்பது வேறு. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டியதில்லை. சித்திரை வெயிலிலும் வேண்டியதில்லை.

சேனையில் தேன் இருந்தால் அது நேரடியான ஆபத்து. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரியின் வித்துகள் பெரியவர்களின் குடலில் வளராது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சைச் சுரந்து தசைகளைத் தளர வைக்கும். மலச்சிக்கலில் தொடங்கி, அழுகை மெலிந்து, மூச்சுத் தசை வரை போகும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் அழிவதில்லை. தெருவில் கழுதையை ஓட்டி வந்து, பால் புகட்டும் சங்கான பாலாடைக் கணக்கில் கறந்து விற்கும் பாலும் ஆபத்தானதே. அதைப் பச்சையாகத்தானே ஊற்றுகிறார்கள்?

ஆனால் ஐயா, உங்கள் பக்கத்துக்கும் நான் சாட்சி சொல்ல வேண்டும். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத குறைமாதக் குழந்தைகளுக்குப் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் எதனால் பால் புகட்டுகிறோம் தெரியுமா? உங்கள் தாயார் வைத்திருந்த அதே பாலாடையால்தான். ரப்பர் காம்பும் புட்டியும் சுத்தம் செய்யக் கடினமானவை. பாலாடையை ஐந்து நிமிடத்தில் தேய்த்துக் கொதிக்க வைத்துவிடலாம். குழந்தையின் உடம்பை மென்மையாக உருவிவிடுவதையும் உலக சுகாதார நிறுவனம் தன் 2022ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில் செய்யத்தக்கது என்று சொல்லியிருக்கிறது. தீட்டு என்ற பெயரில் ஒரு மாதம் வெளியாட்களை உள்ளே விடாமல் வைத்த ஏற்பாட்டை, அந்தப் பெயரை விட்டுவிட்டு நானே தாய்மார்களுக்குப் பரிந்துரைக்கிறேன். முப்பதாம் நாளில் ஐம்பது பேர் வரிசையில் நின்று குழந்தையை முத்தமிடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்குப் பாட்டிமார்கள் பொறுப்பல்லர்.


எடிசன் அம்மா

நான் மதுரையைச் சேர்ந்தவள். ஒன்பது ஆண்டுகளாக நியூஜெர்சியில் வசிக்கிறேன். கண்மையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்த மாநிலத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் இரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கச் சட்டம் உண்டு. என் மகனுக்கு ஒரு வயதில் பார்த்தபோது ஒரு டெசிலிட்டருக்கு 6 மைக்ரோகிராம் இருந்தது. கவனிக்க வேண்டிய எல்லையாக அமெரிக்காவில் 2021 முதல் வைத்திருப்பது 3.5. பழைய வீட்டுப் பெயின்ட்டாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் நாங்கள் இருப்பது புதிய கட்டடம். செவிலியர் ஒரு பட்டியலோடு வந்தார். கண்மை உண்டா, ஊரிலிருந்து மஞ்சள்தூள் வருகிறதா, பித்தளைப் பாத்திரத்தில் சமைப்பீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

ஊரில் ஒரு கடையில் வாங்கிய மையையும், பொட்டலம் கட்டாமல் வாங்கிய மஞ்சள்தூளையும் நிறுத்தினோம். ஐந்து மாதங்களில் அளவு 2க்கு இறங்கியது. இரண்டையும் ஒன்றாக நிறுத்தியதால் எது காரணம் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. சுருமா வகை மைகள் ஈயத்தாதுவை அரைத்தே செய்யப்படுபவை என்பதையும், மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர ஈயம் கலந்த சாயம் சேர்க்கும் கலப்படம் நடப்பதையும் பிறகுதான் அறிந்தேன். ஈயத்தில் "இவ்வளவு வரை பரவாயில்லை" என்று ஓர் அளவே இல்லையாம். குழந்தை கண்ணைக் கசக்கிய கையை வாயில் வைக்கும், அவ்வளவு போதும்.

திருஷ்டிப் பொட்டை நான் விடவில்லை. அரிசியைக் கருக வறுத்துத் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சி என் மாமியார் செய்து தரும் சாந்தை, கை எட்டாத உள்ளங்காலில் வைக்கிறேன். இரண்டாவது குழந்தைக்கும் அதுவே.


ஊருணி

இந்த இழையில் "குளிப்பாட்டும் பாட்டி" வந்த இடங்களை இரண்டு முறை படித்தேன். என் அப்பத்தா அந்தத் தொழில் செய்தவர். ஒரு பிள்ளைக்கு 40 நாட்கள் குளிப்பாட்டினால் ஒரு சேலை, கொஞ்சம் அரிசி, கையில் வைக்கிற பணம், அவ்வளவுதான் கூலி. பிள்ளை கொழுகொழு என்று இருந்தால் தாயின் பால் வளம் என்பார்கள். சளி பிடித்தால் குளிப்பாட்டியவள் கை சரியில்லை என்பார்கள். மூக்கில் ஊதுவதை அவராகவா கண்டுபிடித்தார்? ஊதவில்லை என்றால் "இவளுக்கு வேலை தெரியாது" என்று அடுத்த வீட்டில் கூப்பிட மாட்டார்கள். வீட்டுக்காரர்கள் கேட்டதையே அவர் செய்தார்.

அவர் அதை விட்ட கதையையும் சொல்கிறேன். எங்கள் ஊர்ச் செவிலியம்மா ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து, அப்பத்தாவிடம் முதலில் எண்ணெய் உருவுகிற முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் மூக்கு எண்ணெய்ப் பேச்சை எடுத்தார். அதற்கு அப்பத்தா, "நான் நிறுத்துகிறேன், ஆனால் நீங்கள் சொன்னதாக நாலு வீட்டில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் என் பிழைப்பு போகும்" என்றார். செவிலியம்மாவும் சொன்னார். அதற்குப் பிறகு ஊதாமல் குளிப்பாட்டுவதே அப்பத்தாவின் பெருமையாகிவிட்டது. குற்றாலச்சாரல் அக்கா, நீங்கள் நிறுத்தச் சொன்னபோது அந்தப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் கூலி குறையாது என்று யாராவது சொன்னீர்களா?


தறிச்சத்தம்

பழைய செவிலியம்மாவின் ஐந்து வாசல் கணக்கு நல்ல கணக்கு. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. தூளி எந்த வாசலுக்குள்ளும் போவதில்லை. அரைஞாணும் கழுத்துக் கயிறும் அப்படித்தான். சாம்பிராணிப் புகையையும் எல்லோரும் வெளியே நிற்பது என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் ஊர் விசைத்தறி ஊர். நாங்கள் இருவரும் ஷிஃப்டுக்குப் போனால், சேலைத் தூளியில் கிடக்கும் சின்னவனை எட்டு வயது மூத்தவள் ஆட்டுவாள். தூளியில் விளையாடிய பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் கழுத்தில் துணி முறுக்கிக்கொண்டு இறந்த செய்தியை நம் நாளிதழ்களில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! ஒவ்வொரு முறையும் "விளையாட்டு வினையானது" என்று தலைப்பு போட்டு முடித்துவிடுகிறார்கள். செத்தது பெரும்பாலும் தூளியில் தூங்கிய கைக்குழந்தை அன்று. அது இறங்கிய பிறகு ஏறிச் சுற்றிய அக்காவோ அண்ணனோதான். எங்கள் தெருவில் அப்படி ஒன்று நூலிழையில் தப்பியது. அன்று முதல் எங்கள் வீட்டில் குழந்தையை எடுத்ததும் சேலையைத் தூக்கி முடிச்சுப் போட்டுக் கொக்கிக்கு மேலே மாட்டிவிடுகிறோம். இரண்டு நொடி வேலை. தூளியை விடச் சொல்லி எனக்கு யாரும் அறிவுரை கூற வேண்டாம். ஓர் அறையும் ஒரு தறியும் உள்ள வீட்டில் தரையில் குழந்தையைப் படுக்க வைக்க இடம் ஏது?


வெள்ளை அங்கி

தறிச்சத்தம் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். தூளிக்கு என் தரப்பில் சிலவற்றைச் சேர்க்கிறேன். பருத்திச் சேலையாக இருக்கட்டும். நைலான் வழுக்கும், காற்றும் புகாது. சேலை இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளாமல் குறுக்கே தொட்டில் கம்பு கொடுத்து விரித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குழந்தையின் தாடை நெஞ்சில் ஒட்டி மூச்சுக்குழல் மடங்கும், அல்லது முகம் துணியில் புதையும். குழந்தையை மல்லாக்கவே கிடத்துங்கள். இளம் வாரங்களில் தூங்க வைக்க மட்டும் தூளி, தூங்கிய பின் சமதளமான பாய் என்று முடிந்தவர்கள் மாற்றிக்கொள்வது நல்லது. முடியாதவர்கள் கண்பார்வையிலேயே தூளியைக் கட்டுங்கள்.

கழுத்தில் எதுவும் வேண்டாம். இடுப்பில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு அரைஞாண் இருக்கலாம், குழந்தை வளர வளரத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். வசம்பு வளையல் கைக்குழந்தைக்குச் சரி; எல்லாவற்றையும் வாயில் வைக்கும் நான்காம் மாதம் வந்ததும் கழற்றிவிடுங்கள், மணி உதிர்ந்தால் தொண்டையில் போய் நிற்கும். கரி நெருப்பில் போடும் சாம்பிராணியைக் கதவு சாத்திய அறையில் குழந்தையின் தலைக்குக் காட்டுவதை விட்டுவிடலாம். துண்டால் துவட்டினாலே அந்த இரண்டு அங்குல முடி காய்ந்துவிடும்.

காதுகுத்தைப் பற்றியும் யாராவது கேட்பீர்கள். 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் முடிந்த பிறகு தாராளமாக மாமன் மடியில் வைத்துக் குத்துங்கள். ஊசி புதியதாக இருக்கட்டும், திருகாணி கழன்று வாய்க்குப் போகாத வகையாக இருக்கட்டும். மொட்டைக்கும் அதே புத்திதான்: பழனியானாலும் குலதெய்வக் கோயிலானாலும் பிளேடை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள்.


பழைய செவிலி

தம்பி தறிச்சத்தம், ஓட்டையைக் காட்டியதற்கு நன்றி. மூச்சு என்ற ஆறாவது வாசலை நான் எண்ணாமல் விட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் நினைவூட்ட வேண்டும். இதுவரை பேசிய எதையும் பேசித் தீர்க்கலாம். ஆனால் தொக்கம் எடுப்பது, குடல் ஏறிவிட்டது என்று குடல் தட்டுவது, வலிப்புக்கும் மஞ்சள் காமாலைக்கும் சூடு போடுவது ஆகிய மூன்றில் பேச்சுக்கே இடம் இல்லை. தொக்கம் என்று வாயை வைத்து உறிஞ்சி, குழந்தையின் வயிற்றிலிருந்து எடுத்ததாகக் காட்டும் கோழித் துணுக்கு எடுப்பவரின் வாயில் முன்பே இருந்ததுதான். ஒரு மாதக் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலோ, மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுத்தாலோ நேரே 108ஐ அழைக்க வேண்டும்.


பேத்திக்காரி

இத்தனை பேர் பேசினீர்கள். நீங்கள் பேசுவதெல்லாம் என்னைப் போன்றவளைப் பற்றித்தான் என்பதால் நானும் எழுதுகிறேன். என் மருமகள் முதல் குழந்தைக்கு என்னிடம், "இதெல்லாம் பழைய காலத்து அறியாமை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். அவள் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் மூன்று பிள்ளைகளைச் சொற்ப வருமானத்தில் வளர்த்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை, நீ வளர்த்ததே தவறு என்று காதில் விழுந்தது. அதனால்தான் அவள் இல்லாதபோது ஒளித்து மருந்து கொடுத்தேன். ஆம், கொடுத்தேன். ஒளித்துக் கொடுப்பதில் அளவும் தெரியாது. குழந்தைக்கு ஏதாவது ஆனால் சொல்லவும் முடியாது. இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

இரண்டாவது குழந்தைக்கு அவள் வேறு மாதிரி செய்தாள். தடுப்பூசிக்குப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போய், மருத்துவர் எதிரே இருந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டு, "அத்தை, நீங்களே கேளுங்கள்" என்றாள். நான் கேட்டேன், அவர் எனக்கே பதில் சொன்னார். மறுநாள் அண்டை வீட்டாருக்கு அதை விளக்கிச் சொன்னது நான்தான். எண்ணெய் தேய்ப்பதும் தாலாட்டுவதும் என் பொறுப்பு என்று அவளே ஒதுக்கியும் கொடுத்தாள். என் கைக்கு வேலை இருந்ததால் உரைகல் நினைவே வரவில்லை. குற்றாலச்சாரல், உன் அத்தை வருவதற்கு முன்பே தொலைபேசியில் பேசிவிடு. சபையில் வைத்து மறுத்தால் அது அவர்களுக்கு அவமானமாகிவிடும்.


ஆலமரத்தடி

மருத்துவர் ஐயாவுக்கு: எங்கள் தாயார் பெற்றது ஒன்பது, நான் எழுதியது ஏழு. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்த இருவரைப் பற்றி என் அக்காவிடம் தொலைபேசியில் கேட்டேன். ஒன்று பிறந்த எட்டாம் நாள் ஜன்னி கண்டு போனதாம். மற்றொன்றைப் பற்றி அக்காவுக்கும் நினைவில்லை. உரை மருந்தைப் பற்றிய என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் சித்த மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்கக் கூடாது என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன்.


குற்றாலச்சாரல்

முப்பதாம் நாள் நேற்று முடிந்தது. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மூன்று நாட்களுக்கு முன்பே அத்தையை அழைத்துப் பேசினேன். உரை மருந்து வேண்டாம் என்றதும் மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி, அப்போது கல்லை மட்டும் கொண்டு வருகிறேன், உன் மாமா வீட்டில் நாலு தலைமுறையாக இருக்கிற கல்" என்றார். கொண்டும் வந்தார், பூஜை அறையில் வைத்திருக்கிறோம். கண்ணில் மை தீட்டவில்லை. எடிசன் அம்மா சொன்னபடி என் அம்மா அரிசியைக் கருக்கிச் சாந்து காய்ச்சினார். முதல் தடவை தீய்ந்து வீடெல்லாம் புகை. உள்ளங்காலில் பொட்டு வைத்தபோது அத்தைக்குப் பிடித்துவிட்டது. தம் கையாலேயே கன்னத்தில் ஒன்றும் வைத்தார். கன்னத்தில் வைத்ததை வாய்க்குப் போகும் முன் துடைத்துவிட்டேன். அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை.

எல்லாம் நன்றாகவே முடிந்தது என்று எழுத ஆசை. ஆனால் பெயர் வைத்த பிறகு என் கணவரின் பெரிய அத்தை சர்க்கரைத் தண்ணீரில் விரலைத் தோய்த்துக் குழந்தையின் உதட்டில் வைத்துவிட்டார். நான் கை நீட்டுவதற்குள் நடந்துவிட்டது. தேன் இல்லை என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். குழந்தை நாக்கை நீட்டிச் சப்புக்கொட்டியதைப் பார்த்துச் சபையே சிரித்தது. நானும் சிரித்தேன், பிறகு அதற்காக இரவெல்லாம் என்னையே நொந்துகொண்டேன்.

ஊருணி தங்கைக்கு: நீ கேட்ட கேள்வியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பாட்டிக்குச் சேலை எடுத்து, வெற்றிலை பாக்கோடு சபையில் வைத்துக் கொடுத்தோம். 45ஆம் நாள் வரை அவரே வருவதாகப் பேச்சு. இன்று காலை எண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கத்தில் வைத்தபோது, மூக்கைக் காட்டி, "இதில் ஊதாமல் பக்கத்துத் தெருவில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நீ வந்து சொல்கிறாயா?" என்று கேட்டார். நாளை மாலை குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு அவரோடு போகிறேன். பழைய செவிலியம்மா, எண்ணெய் நுரையீரலில் என்ன செய்யும் என்று நீங்கள் விளக்கியதைப் பாட்டிக்கும் அந்த வீட்டாருக்கும் புரியும்படி இன்னும் எளிமையாக நாலு வரியில் எழுதித் தர முடியுமா? அதைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போவேன்.


பழைய செவிலி

இன்று இரவுக்குள் எழுதி இங்கேயே போடுகிறேன். அந்த வீட்டுக் குழந்தைக்கு எத்தனை நாள் வயது, சளியோ இளைப்போ இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டு போ. இளைப்பு இருந்தால் தாளைப் படித்துக் காட்டிக்கொண்டிருக்காதே, குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகச் சொல்.